திராவிடம்: சொல் ஒன்று, பொருள் பல

மொழி அறிஞர் கால்டுவெல்தான் ‘திராவிடம்’ என்ற சொல்லை உண்டாக்கினார் என்று மேலே உள்ள கட்டுரையில் இருக்கிறது. இல்லை ஐயா, சொல் பழையது. 1856இல் அவர் செய்தது, அதை ஒரு மொழிக் குடும்பத்துக்கே பெயராக விரித்தது. அதற்கு வெகுகாலம் முன்பே வடமொழித் தத்துவ அறிஞர் குமாரில பட்டர் ‘ஆந்திர திராவிட பாஷை’ என்கிறார். அதற்கு அவர் காட்டும் சொற்களில் ஒன்று நம்ம சோறு! வடமொழிக்காரர் காதில் அது ‘சோர’, அதாவது திருடன் என்று விழுமாம்.

அப்புறம் ‘பஞ்ச திராவிடர்’ என்ற பிராமணப் பிரிவில் மராட்டியரும் குஜராத்தியரும் உண்டு. அவர்கள் பேசுவதோ இந்தோ ஆரிய மொழிகள். பாகிஸ்தான் பக்கம் பலுசிஸ்தானத்தில் பேசும் பிராகுயி, பெயருக்கும் தென்னாடு இல்லை, ஆனால் திராவிட மொழி. தேசிய கீதத்தில் வருவது நிலப்பெயர். கட்சிப் பெயர்களில் வருவது அரசியல். எந்தப் பொருளில் என்று சொல்லாமலே கட்டுரைக்குக் கீழே கருத்துப் பகுதியில் நாற்பது பேர் சண்டை போடுகிறோம்.