அம்மம்மா அம்மாளிடம் சொன்னது

போன கிழமை ஒரு செத்த வீட்டில் மச்சான் ஒருவர் கேட்டார்: "800 கோடிச் சனம். எண்ண ஏலாத நட்சத்திரம். இவ்வளவையும் ஆளுற கடவுளுக்கு நீ ஆர், நான் ஆர் எண்டு தெரியவா போகுது?" செத்த வீட்டில் வாதாடக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

மச்சான் கடவுளை அரசாங்கக் கச்சேரியில் இருக்கிற பெரிய அதிகாரி மாதிரி நினைக்கிறார். மேசை நிறையக் கோவைகள், நம்முடையது அடியில் கிடக்கும், எடுத்துப் பார்க்க நேரமில்லை. நேரம் போதாமல் போவது மனிசருக்கு. எல்லாம் வல்லவர் என்றும் சொல்லி, அவருக்கும் ஆள் கணக்குத் தவறும் என்றால் வல்லவர் என்ற சொல் எதற்கு? கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளக்கிறவர் என்று பெரியாக்கள் சும்மா சொல்லவில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கு இடறுகிற இடம் வேறு. 2004 டிசம்பர் 26, பூரணை, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். நாட்டிலேயே அதிகம் பேரைப் பறிகொடுத்தது எங்கட அம்பாறை மாவட்டம். சின்னம்மாவும் அன்று போனா. தென்னையைக் கட்டிப் பிடித்து அம்மம்மா தப்பினா. பார்க்க வந்த ஒருவர், "உங்களக் கடவுள் காப்பாத்திட்டார்" என்றார். அம்மம்மா தலை நிமிராமல் கேட்டா: "அப்ப என்ட பிள்ளையக் கைவிட்டது ஆர் மனே?"

"கடவுள் காப்பாத்திட்டார்" என்ற வார்த்தையைத் தயவுசெய்து இழவு விழுந்த வீட்டில் யாரும் சொல்லாதீர்கள். சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடி நிலம் நழுவியதால் வந்த அலை அது. ஆளைத் தெரிந்தெடுத்து அடிக்கவில்லை. தப்பினவர் கடவுளுக்கு விருப்பமானவர், போனவர் வேண்டாதவர் என்று கணக்குப் போட்டால், அந்தக் கடவுளை நான் கும்பிட மாட்டேன்.

அம்மம்மா மாதக்கணக்கில் விளக்கு வைக்கவில்லை. கண்ணகை அம்மாளை வாய்க்கு வந்தபடி ஏசினா. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து, அம்மாளைக் குளிரப்பண்ணுகிற குளிர்த்திச் சடங்கு அன்று செம்பை எடுத்துக்கொண்டு தானாகவே வெளிக்கிட்டா. குளிர்த்திப் பாட்டுப் போய்க்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தா. சின்னம்மாவின் பேர். மாங்காய்க்கு உப்புத்தூள் தொட்டுத் தின்பாள் என்று. காய்ச்சல் வந்தால் சேலைத் தலைப்பை விடமாட்டாள் என்று. இருட்டுக்குப் பயம் என்று. புது இடத்துக்குப் பிள்ளையை அனுப்பும்போது அங்குள்ளவர்களிடம் சொல்லிவைப்போமே, அப்படி.

கண்ணகையும் ஒரு தனி மனிசிதானே. ஒருத்தனை அநியாயமாகப் பறிகொடுத்து, அந்த ஒருத்தனுக்காக ஊரையே எரித்தவ. அவவின் சூடு ஆறவென்று இந்தக் கிழக்கு மண் வருசா வருசம் குளிர்த்தி பாடுகிறது. ஒருத்தியின் துக்கத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்த சனத்திடம் வந்து, கடவுளுக்கு ஒவ்வொருவராகப் பார்க்க ஏலாது என்றால் எப்படி மச்சான் நம்புறது? அலையைத் தடுக்காதவர் அக்கறை இல்லாதவர் என்று நீங்கள் சொல்லலாம். போன ஒவ்வொருவரின் பேரும் மாங்காயும் பயமும் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றுதான் நான் நம்புகிறேன். அம்மம்மா அன்று பேசியது அவரிடம்தான்.

குளிர்த்தித் தண்ணீரை எங்களுக்கு ஆளுக்கொரு மிடறு தந்தா. உப்புத் தண்ணி பட்டுக் கருகி நின்ற சின்னம்மாவின் மல்லிகை அடியில் மிச்சத்தை ஊற்றினா. அன்று பின்னேரம் விளக்கு வைத்தா.