#எரர் போட்டால் கம்பைல் நின்றுவிடுமா?

சி நிரலில் #எரர் என்று ஒரு வரி போட்டால் அதற்குமேல் கம்பைல் ஆகாது என்றுதான் நாம் எல்லோரும் நம்புகிறோம். 1989-இல் வந்த சி தரநிலை அப்படிச் சொல்லவே இல்லை. அந்த வரியில் எழுதியிருப்பதைச் சேர்த்து ஒரு செய்தி காட்ட வேண்டும், அவ்வளவுதான். செய்தியைக் காட்டிவிட்டு ஆப்ஜெக்ட் ஃபைலையும் (கம்பைல் ஆகி வரும் ஃபைல்) கையில் கொடுக்கும் கம்பைலரைத் தரநிலையைக் காட்டிக் குறைசொல்ல முடியாது.

1999-இன் தரநிலையான சி99 இதை நேராகச் சொன்னது: #எரர் உள்ள ஃபைல், அந்த வரி #இஃப் ஒதுக்கிவிட்ட பகுதிக்குள் இருந்தாலொழிய, வெற்றிகரமாகக் கம்பைல் ஆகக் கூடாது. சி++ தரநிலையோ 'நிரல் இல்-ஃபார்ம்டு (மொழி விதிக்கு மாறானது) ஆகிவிடும்' என்பதோடு நிறுத்திக்கொண்டது. கேட்கக் கறாராக இருக்கும். ஆனால் இல்-ஃபார்ம்டு நிரலுக்குக் கம்பைலர் செய்தே தீர வேண்டியது ஒரு டயக்னாஸ்டிக் (ஏதோ ஒரு செய்தி) காட்டுவது மட்டுமே. சி++ தரநிலைக் கமிட்டியின் கோர் இஷ்யூ (மொழியின் சிக்கல்கள்) பட்டியலில் 745-ஆம் எண்ணாகக் கிடந்த இந்த ஓட்டை 2023-இல்தான் அடைபட்டது. ஒரு வாக்கியத்துக்கு இத்தனை காலம் பிடித்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. (எச்சரிக்கை மட்டும் காட்டும் #வார்னிங்கும் சி23, சி++23 இரண்டிலும்தான் முறைப்படி நுழைந்தது. ஜிசிசி கம்பைலரில் அது எப்போதிருந்தோ இருக்கிறது.)

உடனே நிற்க வேண்டுமா என்பதை இப்போதும் கம்பைலர் விருப்பத்துக்கே விட்டிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் சி1189 என்ற பிழை எண்ணைச் சொல்லி அங்கேயே நின்றுவிடும். ஜிசிசியும் கிளாங்கும் மேலே படித்துக்கொண்டே போகும், பின்னால் வரும் பிழைகள் திரையை நிரப்பும். முதல் பிழையைப் பாருங்கள், அல்லது முதல் பிழையிலேயே நிற்கச் சொல்லும் -டபிள்யூஃபேட்டல்-எரர்ஸ் ஆப்ஷனைக் கொடுங்கள்.

செய்தியை இரட்டை மேற்கோளுக்குள் எழுதுவது நல்லது. வெறுமனே எழுதி அதில் ஒற்றை மேற்கோள் ஒன்று தனியாக வந்துவிட்டால் டோக்கன் (கம்பைலர் ஒரே அலகாகப் படிக்கும் துண்டு) முழுமையாகாது; தரநிலைப்படி அது வரையறுக்கப்படாத நடத்தை. மேக்ரோ (#டிஃபைன் கொடுத்த பெயர்) பெயரை எழுதி அதன் மதிப்பு செய்தியில் வரும் என்றும் காத்திருக்காதீர்கள், #எரர் வரியில் மேக்ரோ விரியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து #இஃப் வரியில் இருக்கிறது. அங்கே வரையறுக்கப்படாத பெயருக்கு மதிப்பு 0. 'பஃப்_சைஸ் > 4096 என்றால் #எரர்' என்று காவல் வைத்திருக்கிறீர்கள், ஆனால் அந்தப் பெயரை வரையறுக்கும் ஹெடரைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள் என்றால், 0 எப்படி 4096-ஐத் தாண்டும்? காவல் சத்தமில்லாமல் தூங்கிவிடும். முதலில் #இஃப்என்டெஃப் போட்டு அந்தப் பெயர் இல்லாததற்கே ஒரு #எரர் வையுங்கள். -டபிள்யூஅன்டெஃப் எச்சரிக்கையையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

சைஸ்ஆஃப் கணக்கை #இஃப்-இல் போட முடியாது, # வரிகளைக் கம்பைலுக்கு முன்பே கவனிக்கும் ப்ரீப்ராசஸருக்கு டைப் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்கு, கம்பைல் நேரத்திலேயே நிபந்தனையைச் சோதிக்கும், சி11 தந்த ஸ்டாட்டிக் அசர்ட்தான் சரியான கருவி. சி++ டெம்ப்ளேட்டுக்குள் (டைப்பைப் பின்னால் நிரப்பும் அச்சு) வெறும் ஸ்டாட்டிக்_அசர்ட்(ஃபால்ஸ்) எழுதினால், அந்த டெம்ப்ளேட்டை யாருமே பயன்படுத்தாவிட்டாலும் பழைய கம்பைலர்கள் பிழை என்று சொல்லிவிடும். 2023 மாற்றம் இதையும் சரிசெய்தது: ஜிசிசி 13, கிளாங் 17 முதல் டெம்ப்ளேட்டை இன்ஸ்டான்ஷியேட் செய்யும்போதுதான் (ஒரு டைப்பைக் கொடுத்துப் பயன்படுத்தும்போதுதான்) அது வெடிக்கும். அதற்கு முந்தைய பதிப்புகளையும் தாங்க வேண்டிய கோடு என்றால், ஃபால்ஸ் இருக்கும் இடத்தில் 'சைஸ்ஆஃப்(டி) == 0' என்று டெம்ப்ளேட் பாராமீட்டரைச் சார்ந்த நிபந்தனையே எழுதுங்கள்.