90 விநாடிச் சிவப்பு

இன்று காலையும் அதே சந்திப்பு, அதே சிவப்பு. குறுக்குச் சாலையில் ஈ காக்கை இல்லை. ஆனாலும் நிற்கிறேன். 90 என்று தொடங்கிய எண் 89, 88 என்று ஆடி அசைந்து இறங்குகிறது. யாருக்காக நிற்கிறேன்? வராத வண்டிக்காகவா? முந்தைய சிக்னலில் பச்சை விழுந்ததும் பறந்து வந்ததெல்லாம் இந்தச் சிவப்பின் காலடியில் நிற்கத்தானா?

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தாமதமாகப் போய்ச் சேர்ந்ததும் கிடைக்கும் ஆறுதலைத்தான் பொறுக்க முடியவில்லை. "கர்த்தர் நிறுத்தி வைத்தாரென்றால் காரணம் இருக்கும் பிரதர். அந்த நேரத்தில் போயிருந்தால் ஒரு லாரி மோதியிருக்கும்." எந்த லாரி? நீங்கள் பார்த்தீர்களா? சரி, லாரி மோதிச் செத்தவனுக்கு என்ன பதில்? அவனை நிறுத்தி வைக்க மறந்துவிட்டாரா? அவன் வீட்டிலும் ஜெபித்துத்தானே அனுப்பியிருப்பார்கள்? கண்ணுக்குத் தெரியாத கை செய்வதற்கு இத்தனை கறாராகக் கணக்கு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சபையில், கடவுள் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல எழுந்தாலும் பச்சை விழுந்த கதைதான். வேலை கிடைத்தது, விசா கிடைத்தது, வீடு முடிந்தது. பதினொரு வருடமாக ஒன்றையே கேட்டுக்கொண்டு நிற்கிறவன் கைக்கு மைக் வருவதே இல்லை. (நான் அந்த ரகம். எதற்காக என்பது இங்கே வேண்டாம்.)

போன வாரம், அந்தச் சந்திப்பின் மூலையில் இருக்கும் சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்து வைத்து ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு என் ஆத்திரத்தையெல்லாம் அவரிடம் கொட்டினேன். பெட்டிக்குள் விட்ட தலையை அவர் வெளியே எடுக்கவே இல்லை.

"பச்சை காட்டுவது பெரிய வேலை இல்லை சார். எதிரும் புதிருமாக இரண்டு பச்சை ஒன்றாக எரியாமல் காப்பதுதான் வேலை" என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கார்டைத் தொட்டுக் காட்டினார். தூசு படிந்த, உள்ளங்கை அகல கார்டு. ஒவ்வொரு விளக்குக்கும் போகும் மின்சாரத்தை அது ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கிறதாம். தப்பித் தவறி இரண்டு பச்சை சேர்ந்து எரிந்தால், கண் சிமிட்டும் நேரத்தில் சந்திப்பையே மின்னி மின்னி அணையும் எச்சரிக்கை விளக்குக்கு மாற்றிவிடுமாம். அது வேலை செய்வதை யாரும் பார்ப்பதில்லை. வேலை செய்வதால்தான் பார்ப்பதில்லை.

"அப்புறம், நாலு பக்கமும் சேர்ந்து சிவப்பாக இருக்கும் இரண்டு விநாடியைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். மஞ்சளில் நுழைந்துவிட்டவன் வெளியேறுவதற்காக விடும் இடைவெளி அது. இல்லை, பார்த்ததில்லை. இத்தனை வருடமும் என் விளக்கை மட்டும்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்!

பைபிளில் உள்ள எஸ்தரின் புத்தகம் நினைவுக்கு வந்தது. பத்து அதிகாரங்கள், எபிரெய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ராஜாவின் உயிரைக் காப்பாற்றிய மொர்தெகாய் என்ற யூதனுக்கு அப்போது ஒரு வெகுமதியும் கிடைக்கவில்லை. பெயரை ராஜாவின் நாளாகமத்தில், அதாவது அரண்மனைக் குறிப்பேட்டில், எழுதி மூடிவிட்டார்கள். அவனைத் தூக்கிலிட மந்திரி ஆமான் மரம் நாட்டிய இரவில்தான் ராஜாவுக்குத் தூக்கம் வராமல் போகிறது, அந்தப் பக்கம் வாசிக்கப்படுகிறது, அவன் தப்புகிறான். செய்த அன்றே வெகுமதி கொடுத்துக் கணக்கைத் தீர்த்திருந்தால் அந்த இரவில் வாசித்து என்ன பயன்? ஆனால் இதெல்லாம் மொர்தெகாய்க்கு அன்றைக்குத் தெரியாது. அரண்மனை வாசலில் உட்கார்ந்து அவனும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்திருப்பான் என்று நினைக்கிறேன். அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை, என் ஊகம்தான்.

என் பதினொரு வருடத்துக்கு இதனால் விடை கிடைத்துவிட்டது என்று யாரும் கிளம்பாதீர்கள். கிடைக்கவில்லை. கோபமும் தீரவில்லை, இன்று காலையும் 40ஐத் தாண்டும்வரை முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் கடைசியில் என் விளக்கை விட்டுவிட்டுக் குறுக்குச் சாலை விளக்கைப் பார்த்தேன். மஞ்சள் போய்ச் சிவப்பு விழுந்தது. என்னுடையதும் சிவப்பு. ஒன்று, இரண்டு. சந்திப்பின் நடுவே மாட்டிக்கொண்ட சைக்கிள்காரர் ஒருவர் எழுந்து நின்று மிதித்து, மறுபக்க நடைமேடையோரம் போய்ச் சேர்ந்தார். எங்கள் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குப் பின்னால் இருந்தவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.