குளம் தளும்புது, பறவையைக் காணோமா?

கார்த்திகை பிறந்து நாலு மழை விழுந்ததும் நம்ம பக்கம் கேட்கிற பேச்சு இது. குளம் தளும்பி நிற்பதால்தான் பறவையைக் காணோம். வலசை வந்து நீரோரம் மேய்கிற சின்னப் பறவைகளான உள்ளான்களுக்குக் கால் ஒரு விரல் நீளம்தான். ஈரச் சேறும் அதைத் தொட்டு நிற்கிற மேலோட்டமான தண்ணீரும்தான் அவற்றின் மேய்ச்சல் நிலம். கரை முட்ட நீர் ஏறினால் அந்தச் சேற்றுப்பட்டை முழுகிப்போகும். அவை வயலுக்கும் வாய்க்காலுக்கும் ரோட்டோரப் பள்ளத்துக்கும் கலைந்துவிடும். தலைகீழாகக் கவிழ்ந்து மேய்கிற ஊசிவால் வாத்துக்கும் ஆழமான தண்ணீர் உதவாது. திருப்பூர் பக்கத்து நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. அங்கே மார்கழி, தையில் நீர் இறங்க இறங்கப் போங்கள். இப்போது நிற்க வேண்டிய இடம் இட்டேரி, அதாவது தோட்டங்களுக்கு நடுவே இருபக்கமும் உயிர்வேலியோடு ஓடுகிற பாதை.

கோடையில் வெறுங்குச்சியாக நிற்கிற கிளுவை வேலி இந்த மழைக்கு இலைவிட்டு அடர்ந்திருக்கும். மேலே கோவைக்கொடியும் பிரண்டையும் படர்ந்து, உள்ளே புழுபூச்சி நிறைய. வடக்குத் தெற்காக ஓடுகிற இட்டேரி என்றால் காலையில் கிழக்கு வேலியோரம் நின்று மேற்கு வேலியைப் பாருங்கள். வெயில் உங்கள் முதுகில் படும். எதிர்வேலியில்தான் முதல் வெயில் விழும், பூச்சியும் அங்கேதான் முதலில் அசையும். ஆறரைக்கு நின்றால் ஏழு மணி வரை நகராதீர்கள். நாம் வந்த சத்தத்தில் அடங்கியவை திரும்ப வெளியே வரப் பத்து நிமிஷமாவது ஆகும். நடந்துகொண்டே பார்ப்பவர்கள் தவிட்டுக்குருவியையும் மயிலையும் மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்புவது இதனால்தான்.

முதலில் காதுக்குத்தான் வேலை. இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவதுபோல 'டக்... டக்' என்று வேலிக்குள்ளிருந்து விட்டு விட்டு வந்தால் அது பிளைத் நாணல் கதிர்குருவி. மத்திய ஆசியா, சைபீரியாப் பக்கமிருந்து வருவது. எடை பத்துப் பன்னிரண்டு கிராம். கோடு, புள்ளி ஒன்றும் கிடையாது, மண்பழுப்பு. அலகு நீளம், கண்ணுக்கு முன்னால் மங்கலாகக் குட்டைப் புருவம். தையல்சிட்டு என்று பலர் எழுதிவிடுகிறார்கள். தையல்சிட்டுக்கு உச்சந்தலை செம்பழுப்பு, முதுகு பச்சை, வால் நிமிர்ந்திருக்கும். வேலிக்கு மேலே துருத்திய குச்சியில் கண்ணில் கறுப்புப்பட்டை கட்டியதுபோல ஒன்று உட்கார்ந்து தரையையே பார்த்தால் கீச்சான். அது இருக்கும் இடத்தில் கிளுவை முள்ளையும் கவனியுங்கள், வெட்டுக்கிளி குத்தி வைத்திருக்கலாம்.

பைனாகுலர் 8x42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்வில்லை 42 மி.மீ. பத்து மடங்கு வாங்கினால் கைநடுக்கமும் பத்து மடங்காகும், வேலிக்குள் தேடப் பார்வைப்பரப்பும் குறுகும். வலது கண்ணை மூடி நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி வலது கண்வில்லையின் வளையத்தைத் திருப்புங்கள். இதைச் செய்யாமல்தான் பலர் 'மங்கலா இருக்கு' என்று பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள்.

திரும்புகிற வழியில் தேங்கிய குட்டைகளை விடாதீர்கள். வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு, மார்பின் வெள்ளை தோள்பக்கம் ஏறியிருந்தால் அது சாதாரண உள்ளான். முதுகெல்லாம் பொரிபொரியாக, வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டி நீண்டிருந்தால் பொரி உள்ளான். புருவம் கண்ணோடு நின்று, பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் கறுத்து, பிட்டம் பளிச்சென்று வெளுத்தால் பச்சை உள்ளான். மூன்றையும் பிரிக்கத் தெரிந்தால் பாதிக் குளம் தெரிந்த மாதிரி.

செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள். பறவை மேய வேண்டிய நேரம் வீணாகும். தோட்டத்து வீடுகளில் வயசானவர்கள் தனியாக இருப்பார்கள். பைனாகுலரோடு வேலியோரம் நின்றால் பயப்படத்தான் செய்வார்கள். 'குருவி பார்க்க வந்தோமுங்க' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஷூ போடுங்கள், வேலியடியில் விரியன் கிடக்கும்.

தோட்டக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கம்பிவேலி போடுகிறவர்கள் கிளுவையைப் பொக்லைன் விட்டு வேரோடு எடுக்கிறீர்கள். கம்பியில் கரிச்சான் உட்காரும். நாணல் கதிர்குருவி எங்கே ஒளியும்? கம்பியைக் கிளுவைக்கு உள்பக்கம் ஓரடி தள்ளிக் கட்டலாம், காவலும் இருக்கும், வேலியும் பிழைக்கும். வேலி வெட்டுவதானாலும் ஒரு வருஷம் ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள், அதுவும் வலசை வந்தவை கிளம்பிப் போகும் சித்திரைக்கு முன்னால் வேண்டாம்.