முதியோர் உதவித்தொகை: 1,200 ரூபாயில் மத்திய அரசின் பங்கு சிறிதே

"60 வயது நிறைந்த எவருக்கும் மத்திய அரசு மாதம் 1,200 ரூபாய் தருகிறது, ஆதார் அட்டை இருந்தால் போதும்" என்று பதிவிட்டுள்ள அன்பர் இரண்டு இடங்களில் தவறியிருக்கிறார்.

இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாயும், 80 வயதிலிருந்து 500 ரூபாயும் மட்டுமே. மீதத்தை மாநில அரசு சேர்ப்பதால்தான் தமிழ்நாட்டில் 2023 முதல் அது 1,200 ரூபாயாக இருக்கிறது. தேசியத் திட்டம் 1995இல் வந்தது. இங்கே 1962லேயே மாதம் 20 ரூபாயுடன் உதவித்தொகை தொடங்கிவிட்டது என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது, வயது மட்டும் தகுதியாகாது. வறுமையும் ஆதரவற்ற நிலையும் விசாரிக்கப்பட்ட பிறகே தொகை கிடைக்கும். எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் இந்த விசாரணைதான் பலரைத் தடுக்கிறது. எங்கள் தெருவில் ஓர் ஆச்சி, பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கு, உரிமையுள்ள, அவரால் தனியே விற்கவே முடியாத வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில், ஓடு ஒழுகும் இடத்தில் பித்தளை அண்டாவை வைத்துக்கொண்டு, ஒற்றை அடுப்பில் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார். விசாரிக்க வந்தவரோ முகப்பின் பர்மா தேக்குத் தூண்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய வீடு இருக்கிறதே" என்று திரும்பிவிட்டார். முதியோருக்கான திட்டமிடல் கையில் வரும் வருமானத்தைத்தான் கணக்கிட வேண்டும், தூண்களை அன்று.

ஆதார் மட்டும் போதும் என்று நம்பி இ-சேவை மையத்துக்கு அலைந்து வெறுங்கையோடு திரும்புபவர்கள் நடக்கவே சிரமப்படுகிறவர்கள். ஆகவே அந்தப் பதிவைத் திருத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.