பல்லவர் ஹவுஸுக்கு நடந்த அநியாயம்

கணக்கு சார்: நாளைக்கு விளையாட்டு விழா. இதுக்குப் பேர் ஓட்டப்பந்தயமா சார்? எங்க பல்லவர் ஹவுஸுக்கு ஸ்டார்ட்டிங் கோடு இங்கே. சோழர் ஹவுஸுக்கு அதோ, அந்த வேப்பமரத்துக்கிட்ட. நடுவுல ஒரு பஸ்ஸை நிறுத்தலாம்.

பி.டி. சார்: மூணு பஸ் நிறுத்தலாம். 38.33 மீட்டர்.

கணக்கு சார்: அளந்து வேற வச்சிருக்கீங்க!

பி.டி. சார்: அளக்காம வச்சிருந்தாதான் சார் நீங்க சண்டைக்கு வரணும்.

கணக்கு சார்: சோழர் ஹவுஸ் மாஸ்டர் மத்தியானம் உங்களுக்கு மீன் குழம்பு குடுத்தாராம். பசங்க சொன்னாங்க.

பி.டி. சார்: குடுத்தார். உப்பு கம்மி. அதுக்கும் ஆறாவது லேனுக்கும் சம்பந்தம் இல்ல. சீட்டுக் குலுக்கினோம், முதல் லேன் உங்களுக்கு, ஆறாவது லேன் அவங்களுக்கு. இப்ப சொல்லுங்க. நம்ம டிராக் ஒரு ரவுண்டு 200 மீட்டர். ரெண்டு பேரும் ஒரே கோட்டுல கிளம்பி, அவனவன் லேன்லயே ஒரு ரவுண்டு ஓடினா, வெளி லேன்காரன் எவ்வளவு தூரம் ஓடியிருப்பான்?

கணக்கு சார்: 200.

பி.டி. சார்: சார், நீங்க என்ன பாடம் எடுக்கிறீங்க?

கணக்கு சார்: அதை ஏன் இப்ப கேக்கறீங்க?

பி.டி. சார்: சும்மா, சந்தேகம். ரெண்டு பை ஆர்னு போர்டுல எழுதுவீங்களே, அந்த ஆர் இதுதான். இதோ இந்த முளைக்குச்சி வட்டத்தோட மையம். நேர் பகுதி ஒவ்வொண்ணும் 40 மீட்டர், ரெண்டும் சேர்ந்து 80. மிச்சம் 120 மீட்டர் ரெண்டு அரைவட்டத்துல வரணும். ஆர் எவ்வளவு?

கணக்கு சார்: 120 வகுத்தல் 6.28... 19.10.

பி.டி. சார்: அது பையன் கால் ஓடுற பாதை. கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் தள்ளித்தான் அவன் ஓடுவான். அதனால கோட்டை 18.90-ல போடணும். இதை மறந்துட்டு 19.10-லயே கோடு போட்டா ரவுண்டுக்கு ஒண்ணேகால் மீட்டர் அதிகமாயிடும். அப்புறம் எல்லா டைமும் கெட்டுப்போச்சுன்னு ஸ்டாப்வாட்சைத் திட்டுவாங்க.

கணக்கு சார்: சரி, ஆறாவது லேனுக்கு வாங்க.

பி.டி. சார்: ஒரு லேன் அகலம் 1.22 மீட்டர். ஒரு லேன் வெளியே தள்ளினா ஆர் 1.22 கூடும். சுற்றளவு எவ்வளவு கூடும்?

கணக்கு சார்: ரெண்டு பை இன்ட்டு 1.22... 7.67. அஞ்சு லேனுக்கு... 38.33. (மௌனம்.) சார்! இதுல பழைய ஆரே வரலையே! மைதானம் பெரிசா இருந்தாலும் சின்னதா இருந்தாலும் லேனுக்கு அதே 7.67 தானா?

பி.டி. சார்: அதேதான். ஸ்டேடியத்துல உள் விளிம்புல கர்ப், அதாவது கொஞ்சம் உயர்ந்த தடுப்பு, வச்சிருப்பாங்க. அங்க முதல் லேனை மட்டும் 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பாங்க. அதனால ரெண்டாவது லேனுக்கு மட்டும் 7.04 வரும். மத்த லேனுக்கெல்லாம் இதே 7.67.

கணக்கு சார்: அடடா, என்ன அருமையான கணக்கு! இதைப் பசங்களுக்கு இங்கேயே கயிறு பிடிச்சுக் காட்டினா ஜென்மத்துக்கும் மறக்காதே. ஏன் சார் காட்டல?

பி.டி. சார்: காட்டலாம்னுதான் இருந்தேன். வியாழக்கிழமை அஞ்சாவது பீரியட்.

கணக்கு சார்: என்னாச்சு?

பி.டி. சார்: நீங்க கடன் வாங்கிட்டீங்க.

(டேப்பைச் சுருட்டும் சத்தம். இந்த டேப்பில் முதல் 40 சென்டிமீட்டர் என்றைக்கோ கிழிந்துபோனது. ஆகவே 1 மீட்டர் குறியிலிருந்து பிடிப்பார்கள். கடைசியில் அந்த ஒரு மீட்டரைக் கூட்டிக்கொள்ள மறந்தால் 50 மீட்டர் 49 ஆகிவிடும். மாவட்டச் சாதனைகளை உடைக்கிற வேகம் உள்ளூர் மைதானத்தில் மட்டும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.)

கணக்கு சார்: அதை விடுங்க. தலைமையாசிரியர் என்னை விழாக் குழுவுல போட்டிருக்கார். மாணவர் பங்கேற்பு என் பொறுப்பு. மொத்தம் 900 பேர் வர்றாங்க, எல்லாருக்கும் தொப்பி சொல்லியாச்சு.

பி.டி. சார்: ஓடுறது எத்தனை பேர்?

கணக்கு சார்: 64.

பி.டி. சார்: மீதி 836?

கணக்கு சார்: கைதட்டுவாங்க. அதுக்கு ஒத்திகையும் வச்சாச்சு. நான் கையைத் தூக்கினா தட்டணும், இறக்கினா நிறுத்தணும். பிரமாதமா வந்திருக்கு.

பி.டி. சார்: ஒத்திகை எப்ப வச்சீங்க?

கணக்கு சார்: செவ்வாய், புதன்... உங்க பீரியட்லதான். மைதானம் சும்மாதானே கிடந்தது!

பி.டி. சார்: ஆமா. பசங்க உங்க கிளாஸ்ல இருந்தா அது சும்மாதான் கிடக்கும்.

கணக்கு சார்: ஆனா ஒண்ணு சார், இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பள்ளி உணர்வே இல்ல. நேத்து ஒருத்தனை நிறுத்தி, நீ எந்த ஹவுஸ்னு கேட்டேன். முழிக்கிறான்.

பி.டி. சார்: எப்படித் தெரியும்? போன வாரம்தான் ரோல் நம்பரை நாலால வகுத்துப் பிரிச்சீங்க. மீதி ஒண்ணுன்னா சேரர், ரெண்டுன்னா சோழர், மூணுன்னா பாண்டியர், மீதியே இல்லேன்னா பல்லவர். வகுத்தல் தெரியாதவன் எந்த ஹவுஸ்னு அவனுக்கே தெரியாது. தெரிஞ்சவனுக்கும் அடுத்த வாரம் தேவைப்படாது.

கணக்கு சார்: அப்ப என்னதான் பண்ணணும்கிறீங்க?

பி.டி. சார்: ஹவுஸை ஜூன்ல பிரிக்கணும். ஆறாம் வகுப்புல எந்த ஹவுஸோ பன்னிரண்டு வரைக்கும் அதேதான். அப்புறம், பரிசு வாங்குறவனுக்கு மட்டும் 5, 3, 1 புள்ளின்னு வச்சா மத்தவன் எதுக்கு வருவான்? ஒரு அளவு வைங்க. எட்டாம் வகுப்புப் பையன் நீளம் தாண்டுதல்ல மூணு மீட்டர் தாண்டினா அவன் ஹவுஸுக்கு ஒரு புள்ளி. பொண்ணுங்களுக்கு ரெண்டரை. அவன் முதல்ல வரணும்னு இல்ல, தாண்டினா போதும். ஒரு ஹவுஸுக்கு 225 பேர். நூறு பேர் தாண்டினா நூறு புள்ளி. சாம்பியன் ஒருத்தன் மூணு போட்டியில ஜெயிச்சாலும் 15-தான்.

கணக்கு சார்: குண்டா இருக்கிறவன்?

பி.டி. சார்: குண்டு எறியட்டும். அதுக்கும் ஒரு அளவு. முடியாதவன் மணல் வாரட்டும், டேப் பிடிக்கட்டும், அதுக்கும் புள்ளி குடுங்க. மணல்ல பதிஞ்ச தடத்துல பலகைக்கு எது கிட்ட இருக்கோ அங்கிருந்துதான் அளக்கணும். பையன் பின்னாடி கையை ஊன்றியிருந்தா அந்தக் கைத்தடம்தான் கணக்கு. இதைப் பார்த்துச் சொல்லக் கண்ணு இருந்தா போதும்.

கணக்கு சார்: 900 பேரைத் தாண்ட வைக்க நாள் வேண்டாமா?

பி.டி. சார்: ஒரு வகுப்புல 40 பேர். ரெண்டு பேர் மணலைச் சமப்படுத்திக்கிட்டே இருந்தா, ஒரு தாண்டலுக்கு முக்கால் நிமிஷம். அரை மணி நேரத்துல முடிஞ்சுடும். ஒரு பீரியட் போதும்.

கணக்கு சார்: எந்த பீரியட்?

பி.டி. சார்: என்கிட்ட கேக்கறீங்களா?

(ஒத்திகைக்கு நின்றிருந்த அணிவகுப்பில் ஒரு பையன் மயங்கி விழுகிறான். இருவரும் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.)

கணக்கு சார்: சத்தே இல்லாத பசங்க.

பி.டி. சார்: ஒரு மணி நேரமா விறைப்பா நிக்கச் சொன்னது யாரு? முட்டியைப் பூட்டிக்கிட்டு நின்னா ரத்தம் காலுலயே தங்கிடும், தலைக்கு ஏறாது. காலையில சாப்பிடாதவன் முதல்ல விழுவான். விழுந்தவனைத் தூக்கி நிறுத்தாதீங்க, படுக்க வச்சுக் காலைத் தூக்கி வைங்க. நிக்கிறவன்கிட்ட முட்டியை லேசா மடக்கு, ஷூவுக்குள்ள விரலை அசைன்னு சொல்லுங்க. இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் உட்கார விடுங்க.

கணக்கு சார்: சிறப்பு விருந்தினர் வர்ற நேரத்துல உட்கார்ந்திருந்தா?

பி.டி. சார்: அவர் எப்ப வர்றார்?

கணக்கு சார்: மூணரைக்கு. அதாவது அழைப்பிதழ்ல. அவர் வந்ததும் கொடியேற்றம், அணிவகுப்பு, ஜோதி, புறா, உறுதிமொழி, வரவேற்புரை, ஆண்டறிக்கை, சிறப்புரை. அப்புறம் 100 மீட்டர் ஃபைனல்.

பி.டி. சார்: பையன் மூணே காலுக்கு வார்ம்-அப் பண்ணியிருப்பான். அது கால் மணி நேரம், மிஞ்சிப்போனா இருபது நிமிஷம் தாங்கும். அஞ்சரைக்கு எழுப்பி விட்டு ஓடுன்னா தொடைக்குப் பின்னாடி பிடிச்சுக்கும். ஃபைனலைக் காலையில வைங்க.

கணக்கு சார்: காலையில யாரு பார்ப்பா?

பி.டி. சார்: 836 பேர் இருக்காங்களே.

கணக்கு சார்: (காதில் விழாத மாதிரி) சுண்ணாம்பு மூணு மூட்டை சொல்லியிருக்கேன். சுட்ட சுண்ணாம்பு. போட்டோவுல பளிச்சுனு தெரியும்.

பி.டி. சார்: கேன்சல் பண்ணுங்க. வேர்வை பட்டா அது வேகும். கண்ணுல போனா ஆஸ்பத்திரிதான். பாதிப் பசங்க வெறுங்கால்ல ஓடுறாங்க. கோலமாவு போதும். கோடு அஞ்சு சென்டிமீட்டர் அகலம். மாவு காய்ஞ்சிருக்கணும், ஈரமா இருந்தா மெஷின்ல அடைச்சுக்கும். ஃபினிஷிங்ல கட்டுறதுக்கு நீங்க வாங்கி வச்சிருக்கிற நைலான் கயிறையும் திருப்பிக் குடுத்துடுங்க, கழுத்தை அறுக்கும். உல்லன் நூல் கட்டினா நெஞ்சுல பட்டதும் அறுந்துடும்.

கணக்கு சார்: எதைச் செஞ்சாலும் தப்புங்கறீங்க. ஷாமியானாவாவது சரியா இருக்கா? நானே இடம் பார்த்துப் போட்டேன். வேப்பமர நிழல், காத்து வரும்.

பி.டி. சார்: நல்ல இடம். குண்டு எறிதல் செக்டாருக்குள்ள இருக்கு.

கணக்கு சார்: எதுக்குள்ள?

பி.டி. சார்: குண்டு எறியற வட்டத்தோட மையத்துலேர்ந்து 20 மீட்டர் போனா ரெண்டு கோட்டுக்கும் நடுவுல சரியா 12 மீட்டர் இருக்கணும். அப்ப கோணம் 34.92 டிகிரி வரும், கோணமானி வேண்டாம். அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல குண்டு விழும். சிறப்பு விருந்தினர் நாற்காலி 11-வது மீட்டர்ல இருக்கு.

கணக்கு சார்: ஐயையோ! அவ்வளவு தூரம் யாராவது எறிவானா?

பி.டி. சார்: அஞ்சு கிலோ குண்டை ஒருத்தன் எறிவான். பயப்படாதீங்க, அவன் வரமாட்டான்.

கணக்கு சார்: ஏன்?

பி.டி. சார்: பத்தாம் வகுப்பு. நாளைக்கு உங்க ஸ்பெஷல் கிளாஸ்ல இருப்பான்.

(கணக்கு சார் ஷாமியானாவைப் பார்க்கிறார், குண்டைப் பார்க்கிறார். எது சுலபமாக நகரும் என்று யோசிப்பது தெரிகிறது.)

கணக்கு சார்: பத்தாம் வகுப்புக்கு விளையாட்டு வேண்டாம்னு நான் மட்டுமா சொன்னேன்? ரிசல்ட் குறைஞ்சா தாளாளர் யாரைக் கூப்பிட்டுக் கேப்பார்? உங்களையா?

பி.டி. சார்: என்னைக் கேக்க மாட்டார். 17 வயசுக்கு உட்பட்ட பிரிவுல குறுவட்டப் போட்டிக்கு நம்ம ஸ்கூல்லேர்ந்து ஏன் ஆளே போகலைன்னும் அவர் கேட்டதில்ல. அந்த வயசுல இருக்கிறவன்ல நிறைய பேர் பத்தாவதுலதான் இருப்பான். அவனை உள்ளே வச்சுப் பூட்டிட்டு, வெளியே நின்னு பள்ளி உணர்வு எங்கேன்னு தேடுறோம்.

கணக்கு சார்: குத்திக் காட்டாதீங்க. விஷயத்துக்கு வாங்க. பல்லவர் ஹவுஸ் ஜெயிக்க வழி இருக்கா, இல்லையா?

பி.டி. சார்: இருக்கு. புள்ளிப்படி இப்ப நீங்க கடைசி. ஆனா ரிலேக்கு இரட்டைப் புள்ளி. நாலு நூறு மீட்டர் ரிலேயில உங்க டீமை யாரும் தொட முடியாது. பேட்டனை வாங்குறவன் திரும்பிப் பார்க்காம கையைப் பின்னாடி நீட்டுவான், அந்த அளவுக்குப் பழகினவங்க. மாத்துற இடம் 30 மீட்டர், அதுக்குள்ள பேட்டன் கை மாறணும். மத்த ஹவுஸ் பசங்க எல்லாம் நின்னு வாங்குறாங்க, அங்கேயே மூணு மீட்டர் போயிடும்.

கணக்கு சார்: அட! நம்ம ஹவுஸா? யார் அந்தப் பசங்க? கூப்பிடுங்க, நானே டிபன் வாங்கித் தர்றேன்.

பி.டி. சார்: மூணு பேர் பத்தாவது பி.

கணக்கு சார்: ...

பி.டி. சார்: கணக்கு ஸ்பெஷல் கிளாஸ்.

கணக்கு சார்: எவ்வளவு நேரம் ஆகும்?

பி.டி. சார்: வார்ம்-அப் இருபது நிமிஷம். ஓட்டம் ஒரு நிமிஷம்கூட ஆகாது.

கணக்கு சார்: ஒரு நிமிஷத்துக்கா இவ்வளவு... சரி, அரை மணி நேரம் விடறேன். தலைமையாசிரியருக்குத் தெரிய வேண்டாம். தண்ணி குடிக்கப் போனாங்கன்னு சொல்லிக்கலாம். நாலாவது ஆள் யாரு? அவனாவது வெளியில இருக்கானா?

பி.டி. சார்: பத்தாவது ஏ. அவனுக்கு நாளைக்கு இங்கிலீஷ் ஸ்பெஷல் கிளாஸ். டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை நீங்க சொன்னா விட்டுடுவாங்க.

கணக்கு சார்: நான் சொன்னா விடமாட்டாங்க சார்.

பி.டி. சார்: ஏன்?

கணக்கு சார்: போன வாரம் அவங்ககிட்ட ரெண்டு பீரியட் கடன் வாங்கிட்டேன்.