அந்தக் கணக்கில் என் தங்கையும் இருக்கிறாள்

சனிக்கிழமை அந்தப் பேச்சுக்குக் கைதட்டியவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இது. “கொரோனா நேரத்துல மாடல் போட்டவன் எல்லாம் ஊரை பயமுறுத்துனான், ஒண்ணும் நடக்கலை” என்று மைக்கில் ஒருவர் சொல்கிறார், மண்டபமே சிரிக்கிறது. ஒன்றும் நடக்கவில்லையா? 2021 மே மாதம் சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றது அதற்குள் மறந்துவிட்டதா?

அவர் சொன்ன மாடல் என்பது நோய் எப்படிப் பரவும் என்று போடும் கணக்கு. அது ஜோசியம் இல்லைங்க. இப்படியே போனால் எங்கே போய் நிற்கும் என்று சொல்வது. போகிற வழியை மாற்றினால் விடையும் மாறும். மாற்றுவதற்காகத்தான் கணக்கே போடுகிறார்கள். 1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நோய்ப் பரவல் சமன்பாட்டைப் பொருத்திப் பார்த்தது 1905-06 பம்பாய் பிளேக் சாவுகளோடு. மெக்கென்ட்ரிக் இந்தியாவில் வேலை பார்த்த மருத்துவர். இந்த மண்ணில் செத்தவர்களை எண்ணி வந்த அறிவு இது. அதைப் பார்த்தா சிரிக்கிறீர்கள்?

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மருத்துவமனைக்குள் தொற்று வந்த ஒருவர் சராசரியாக 0.8 பேருக்குக் கொடுக்கிறார் என்று வையுங்கள். ஊருக்குள்ளும் அதே 0.8. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் இரண்டு இடத்திலும் தானாக அடங்கிவிடும். ஆனால் உள்ளே இருப்பவர் வெளியே 0.5 பேருக்கும், வெளியே இருப்பவர் உள்ளே 0.5 பேருக்கும் கூடவே கொடுத்தால் மொத்தம் 1.3 ஆகிவிடும். பரவும். அந்த நடுவழியில் தினமும் போய்வருவது யார்? நர்ஸ், வார்டு பாய், தூய்மைப் பணியாளர். 2003-இல் சார்ஸ் என்ற மூச்சுத் தொற்றுநோய் வந்த எட்டாயிரம் சொச்சம் பேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர். தடுப்பூசி இல்லாமலே அது அடங்கியது. நோயாளிகளைத் தனிமைப்படுத்தி, மருத்துவமனைக்குள் பாதுகாப்பை இறுக்கியதற்கு அதில் பெரிய பங்கு. நர்ஸைக் காப்பாற்றினால் ஊர் தப்பிக்கும். கணக்கு சொல்வது இதைத்தான்.

நாம் என்ன செய்தோம்? என் தங்கை ஸ்டாஃப் நர்ஸ். 2020-இல் வீட்டு ஓனர் அம்மா கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே சொன்னார், “தப்பா நினைக்காதம்மா, வேற வீடு பாத்துக்கோ.” டூட்டி முடிந்து வந்தவள் கேட்டுக்குப் பக்கத்திலேயே பையோடு நின்றாள். முகக்கவசத்தின் கம்பி பதிந்து மூக்குத்தண்டு புண்ணாகியிருந்தது. அந்த ஏப்ரலில்தான் கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரைப் புதைக்கவிடாமல் ஆம்புலன்ஸ் மேல் கல்லெறிந்தது இந்தச் சென்னை. அப்போது எல்லோருக்கும் பயம் இருந்தது, சரி. இப்போது பயமே பொய்யென்று சிரிக்கிறீர்களே, அன்றைக்கு எறிந்த கல்லுக்கு யார் பதில் சொல்வது?

“மாடல்கள் தப்பாகப் போகவே இல்லையா?” என்று கேட்பீர்கள். போயின. தரவு மோசமாக இருந்தால் விடையும் மோசமாகத்தான் வரும். அதற்குத் தரவைச் சரி செய்ய வேண்டும். “தங்கச்சிக்காகப் பேசுற” என்று ஒருவர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். ஆமாம், அவளுக்காகத்தான் பேசுகிறேன். வேறு யாருக்காகப் பேசச் சொல்கிறீர்கள்? ராத்திரி முழுக்க உங்கள் அப்பாவுக்கு ஆக்ஸிஜன் அளவு பார்த்தவளுக்காக அவள் அண்ணன் பேசக்கூடாதா? கல்லூரியில் கணக்கு நடத்துபவன் நான். இதைக்கூடப் பேசாவிட்டால் அப்புறம் என்ன கணக்கு நடத்தி என்ன?

அவளாவது நிரந்தரப் பணி. அவள் வார்டில் தரை துடைத்த அக்கா ஒப்பந்தத் தொழிலாளி. காய்ச்சலோடு வேலைக்கு வந்தார். லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. பணியாளர் பட்டியலில் பெயர் இல்லாததால் பரிசோதனைக்கும் கூப்பிடவில்லை. எந்தச் சமன்பாட்டிலும் அவர் வரமாட்டார், ஏனென்றால் அவரை யாரும் எண்ணவே இல்லை. நீங்கள் திட்டுவதென்றால் இதைத் திட்டியிருக்க வேண்டும். அவருக்குச் சம்பளத்தோடு காய்ச்சல் லீவு கிடைக்க என்ன செய்யலாம் என்று யாராவது எழுதினால் உட்கார்ந்து பேசலாம். மண்டபத்தில் சிரித்ததற்கு விளக்கம் சொல்ல வருபவர்களுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.